மீதி நூறு

கருப்பூர்க் குவாரியிலிருந்து
யூரியாப் பையில் கல் கொண்டுவந்தார் அர்த்தநாரி.
குழி எண் எழுதிய சீட்டு வியர்வையில் ஊறி
ஏழா ஒன்றா தெரியவில்லை.

முக்கோணத் தாளை விரித்தேன்.
உச்சியில் மக்னீசியா,
இடது மூலையில் சுண்ணாம்பு, வலதில் சிலிக்கா.
இரண்டைச் சொன்னால் போதும்
மூன்றாவது தானே வாய் திறக்கும்.
ஒன்று ஏறினால் மற்றவை இறங்கியாக வேண்டும்,
நூறுக்கு மேல் இங்கே இடமில்லை.

புள்ளி விழுந்தது
உச்சிக்கு அரை விரல் கீழே,
சிலிக்கா பக்கம் சாய்ந்து.
ஏழாம் குழியின் பழைய புள்ளிகள்
தள்ளி நின்றன, கூட்டமாக.
"அப்ப ஒன்னாங் குழிதானுங்க" என்றார்
தலைகீழாகப் பார்த்தே.

பிறகு தராசைக் காட்டி,
"வச்சது நூறு கிராமு. உலையிலிருந்து வந்தது பாதிதானே?"

மீதி காற்றாகப் போய்விட்டது என்றேன்.

"அதுக்கு எந்த மூலைங்க?"

இல்லை.
போனதைக் கழித்துவிட்டு
இருப்பதையே நூறென்று வைத்துக்கொள்கிறோம்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
காலிப் பையை உதறினார்,
வெள்ளைத் தூசி என் தாளெங்கும், கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும்.
ஊதிவிட்டு
சீட்டில் ஒன்று என்று
அழுத்தி எழுதினேன்.