நாற்பது வீதம் கழிவு

கிட்டங்கிக்குள் முழங்கால் தண்ணீர்.
கிராண்ட்பாஸிலிருந்து முச்சக்கரவண்டியில்
பம்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தார் பௌசர் நானா.
மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு,
பெற்றோல் என் கணக்கு.
அவ்வளவுதான் பேச்சு.
உடைந்தால் யார் என்பதை
அந்த மழைக்குள் நின்று யார் கேட்பது?

இரண்டு மணி நேரம்
புறக்கோட்டை வடிகாலுக்கே திருப்பிக் கொடுத்தது.
பிறகு ஓர் இருமல்.
ரப்பர் கருகும் மணம்.

வாயைக் கழற்றினார்.
உடைந்த விசிறியில் இறுகிக் கிடந்தது
மெரூன் சேலையின் தலைப்பு,
விலைச்சீட்டோடு.
'நாற்பது வீதம் கழிவு',
என் கையெழுத்து.

"குழாய்க்கு வலை கட்டியிருக்கலாமே, நானா."
"உள்ளுக்கு துணி கெடக்கு எண்டு
சொல்லியிருக்கலாமே, முதலாளி."
சேலைக்கடையில் வேறென்ன கிடக்கும்
என்று வாயெடுத்தேன்.
அவர் சாரத்தின் நுனியால்
பம்பின் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
அவசரமில்லாமல்,
நான் அங்கே இல்லாததுபோல்.

பஞ்சிகாவத்தைக்குக் கோல் எடுத்துக் கேட்டோம்:
பதினெட்டாயிரம், பழைய சாமான் என்றால்.
ஒன்பதையும் கூலி மூன்றையும் நீட்டினேன்.
மூன்றைத் திருப்பித் தந்தார்.
"வேல முடியல்லியே."
கணுக்காலைத் தொட்டுக்கொண்டு
தண்ணீர் இன்னும் நின்றது.

போகும்போது சேலையை உதறிப் பிழிந்தார்.
"தலப்புதானே கிழிஞ்சிருக்கு.
மத்தது நல்லாத்தான் இருக்கு.
கழிவு போக எவ்வளவு?"

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
விலை இருந்த இடத்தில்
நீல மை ஊறியிருந்தது.