இடக்கைச் செதுக்கல்

பல் மருத்துவர் வீப்கிங்
பெட்டியைத் திறந்து வைத்தார்.
"நாலாம் தந்தி உறுமுகிறது,
நாய் கனவில் உறுமுமே, அதுபோல."
அவர் போனதும் விளக்கைத் தாழ்த்தினேன்.

மெல்லிய கத்தி, விளிம்போரம்.
இருநூற்றெழுபது ஆண்டு வஜ்ஜிரம்
டக்கென்று விட்டுக்கொடுத்தது.
மேற்பலகை கையோடு வந்தது,
ஆறிய பாலின் ஏடுபோல.

வெளியே எல்லாம் கச்சிதம்.
ஓரத்துக் கருங்கோடு மயிரிழை பிசகவில்லை.
வார்னிஷில் முறுகக் காய்ச்சிய தேனின் நிறம்.
வாங்குபவன் கண்ணுக்கு அது.

உள்ளே வேறு ஆள்.
சீட்டு சொல்கிறது:
கொர்பினியன் ஷ்ராத், ஃபியூசன், 1751.
உளித்தடங்கள் சீட்டில் இல்லாததைச் சொல்கின்றன.
எல்லாம் மறுபக்கம் சாய்கின்றன.
இடக்கைக்காரன்.

ஸ்ப்ரூஸ் பலகையில்
குளிர் கடித்த ஆண்டுகள் நெருங்கிக் கிடக்கின்றன.
அவற்றின் குறுக்கே, கீழ்ப்புறம்,
உளி ஒருமுறை ஆழப் போய்விட்டது.
தூக்கமா, கோபமா,
வாசலில் யாராவது கூப்பிட்டார்களா?
நகத்தளவு ஒட்டு வைத்திருக்கிறான்.
இழைத்து மறைக்கக்கூட இல்லை.
யார் பார்க்கப்போகிறார்கள் என்று
நினைத்திருப்பான்.

கழுத்துக் கட்டையின் உட்புறம்,
மங்கிய மையில், கோணல் எழுத்தில்:
"மாவு மில்காரனுக்கு மூன்று கில்டர்.
இது விற்றால் தீரும்."

என் உளியை இடக்கைக்கு மாற்றி
காற்றில் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.
தோள் தானாகத் திரும்பியது.
பலகையின் மெலிந்த பக்கம் எது என்று
அப்போதுதான் புரிந்தது.

இரண்டு பலகைக்கும் நடுவே
நிற்கும் சிறு குச்சிக்கு
எங்கள் ஊரில் குரல் என்று பெயர்.
ஆல்ப்ஸைத் தாண்டினால் அதுவே உயிர்.
பசையில்லை, ஆணியில்லை.
மேலும் கீழும் அழுத்துவதால் நிற்கிறது.
எனக்கு முன் எவரோ அதை
வலக்கைக்காரன் வயலினுக்கு நிறுத்துவதுபோல
நிறுத்தியிருக்கிறார்.

மூடுவதற்கு முன்
கட்டையில், அவன் வரிக்குக் கீழே,
பென்சிலால் ஒரு சொல் எழுதினேன்:
தீர்ந்தது.

ஒட்டி, இறுக்கி, இரண்டு நாள் காயவிட்டு,
தந்தி பூட்டி,
குச்சியை நகர்த்தினேன்.
அரை எள்ளளவு.
இன்னும் கொஞ்சம். இல்லை, திரும்ப.

வீப்கிங் வில்லை வைத்தார்.
நெடுநேரம் நாலாம் தந்தியிலேயே நின்றார்.
"நாய் எழுந்துவிட்டது" என்றார், மெதுவாக.
பிறகு ரசீதைப் பார்த்தார்.

"குச்சி நகர்த்தியதற்கா இவ்வளவு?"

எவ்வளவு நகர்த்தினேன் என்று
விரலிடுக்கில் காட்டினேன்.
விரல்களுக்கு நடுவே
எதுவும் தெரியவில்லை.