மாறுபாடு எதுவும் தென்படவில்லை

காரைக்குடி நூறடி ரோட்டில்
பதினோரு வருடமாக மண்டைக்குள் படம் எடுக்கிறேன்.
இன்று படுக்க வந்தவன்
புதுவயல் ரைஸ்மில் சேவுகப்பெருமாள்.
என் பெரியப்பா மகன்.
கோயிலில் முதல் பரிவட்டம் அவனுக்கு.
மிச்ச விபூதி எனக்கு.
மஞ்சுவிரட்டில் அவன் மாட்டின் திமிலை
எவனும் தொட்டதில்லை.
நான் தொட்டேன், ஒருமுறை, கனவில்.

மோதிரம் நாலு, புலிநகச் சங்கிலி,
இடுப்பு வெள்ளிக்கொடி
எல்லாம் தட்டில் கழன்று விழுந்தன.
பச்சை அங்கியின் முதுகு முடிச்சு
அவன் கைக்கு எட்டவில்லை.
நான்தான் கட்டிவிட்டேன்.

"அசையக் கூடாது."
இதை அவனிடம் சொல்ல
நாற்பத்தாறு வருடம் ஆகியிருக்கிறது.

காந்தம் தட்டத் தொடங்கியது.
திரையில் வெள்ளரிக்காய் நறுக்கினதுபோல
அவன் தலை, வில்லை வில்லையாய்.

இதோ, இந்த வளைவு.
கதவிடுக்கில் விரல் நசுங்கினால் துடிப்பது.
பங்காளி மாடு ஜெயித்தாலும் துடிப்பது.
வயிற்றெரிச்சல் என்று பெயர் வைத்தோம்;
எரிவதென்னவோ நெற்றிக்குப் பின்னால்.

கொஞ்சம் கீழே
கொட்டைப்பாக்கு அளவில் இன்னோர் இடம்.
கந்தரப்பம் தின்றால் மினுக்கும்.
சீட்டு விழுந்தால் மினுக்கும்.
போன தையில் அவன் மில்லில்
அரிசி பிரிக்கும் மிஷின் எரிந்துபோனதாக
போன் வந்தபோது
எனக்கு மினுக்கியிருக்கும்.
முந்தியது எவ்வளவு துடித்ததோ
பிந்தியது அவ்வளவு இனிக்குமாம்.
அன்று இரண்டு டீ குடித்தேன்,
இரண்டுக்கும் சர்க்கரை தூக்கலாக.

இந்தப் படத்தில் அதெல்லாம் விழாது.
சுவர் விழும்; வீட்டுக்குள் நடக்கும் சண்டை விழாது.

மதுரையிலிருந்து டாக்டர் அனுப்பிய ரிப்போர்ட்
மூன்றரை மணிக்கு வந்தது.
மாறுபாடு எதுவும் தென்படவில்லை.
படித்தேன்.
கடுகளவு ஏமாற்றம்.
கடுகுதான். ஆனாலும்
எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், என்னுடையதுதான்.

"ஒண்ணுமில்லையேப்பா?"
அவன் குரல் அப்படி இறங்கி
நான் கேட்டதே இல்லை.
"ஒண்ணுமில்ல" என்றேன்.
அவன் நம்பாததுபோல் நின்றதால்
இன்னொரு தடவையும்.

சொந்தக்காரர் என்றால் ஆயிரம் குறைக்கலாம்.
அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
மோதிரங்கள் விரலுக்குத் திரும்பின.
கிளம்பும்போது கூட்டுகிற பேச்சியம்மாளுக்கு நூறு,
வாட்ச்மேனுக்கு நூறு,
அதே வேகத்தில் எனக்கும் நூறு.

வாங்கிக்கொண்டேன்.
மடிப்புக் கலையாத நோட்டு.
இந்தத் தடவை எரிந்தது
வயிறுதான். சத்தியமாக வயிறுதான்.