இரண்டு மணி நேரம் பின்னால்

லியேபாயா துறைமுகத்து எடைமேடை அலுவலகத்தில்
கணினியின் கடிகாரம் தினமும் காலையில்
இரண்டு மணி நேரம் பிந்தியிருக்கும்.

எட்டரைக்கு வந்த பைன் மர லாரிக்கு
ஆறரை என்று ரசீது.
"அப்போது நான் படுக்கையில் இருந்தேன்,
என் மனைவியைக் கேள்" என்றான் டிரைவர்.
பேட்டரியை மாற்றினேன்,
பொத்தான் அளவு, ஒரு யூரோ எண்பது.
மறுநாளும் அதே இரண்டு மணி.

அப்புறம்தான் தெரிந்தது,
இந்தப் பெட்டிக்குள் இன்னொரு குடித்தனம்.
பகலில் என் விண்டோஸ்: எடை, வரி, வண்டி எண்.
இரவுக் காவலுக்கு வரும் விஸ்வால்டிஸ்
பின்கட்டில் லினக்ஸ் வைத்திருக்கிறார்.
அது உலகப் பொது நேரத்தை எழுதிவிட்டுப் போகும்.
என்னுடையது அதையே ஊர் நேரம் என்று நம்பும்.
குளிர்காலத்தில் இரண்டு மணி, கோடையில் மூன்று.
இரண்டுமே பொய் சொல்லவில்லை.

ஆளை நான் பார்த்ததில்லை.
பதிவேட்டில் சாய்ந்த கையெழுத்து, அவ்வளவுதான்.
அவர் ஆறுக்குப் போவார், நான் எட்டுக்கு வருவேன்.
நடுவில் இரண்டு மணி நேரம்
யாருக்கும் சொந்தமில்லாத கடற்காற்று.
வந்ததும் நாற்காலியை உயர்த்துவேன்,
நேரத்தைத் தள்ளி வைப்பேன்.

நவம்பரில் பழைய எஸ்.எஸ்.டி திணறியது.
ரசீது பாதியில் உறையும்.
ரீகாவிலிருந்து புதியது அனுப்பினார்கள்,
சூயிங்கம் நீளம்தான், ஒரு டெராபைட்.
ரைட்டிஸ் போனில் சொன்னான்:
"உன்னுடையதை மட்டும் நகலெடு, மற்றதை விடு."

திரையில் நாலு கட்டம்.
என்னுடையது நீலம்.
பக்கத்தில் நாற்பது ஜிபி, 'தெரியாதது' என்று போட்டிருந்தது.
தெரியாதாம்.
எட்டு மாதமாக ஒரே பெட்டியில் இருந்துகொண்டு.

முழுசாக நகலெடுத்தேன்.
சாகப்போகிற டிரைவ் மெல்லத்தான் கொடுக்கும்.
மூன்று மணி இருபது நிமிடம்
லாரிகளுக்குக் கையால் எழுதிக்கொடுத்தேன்.
பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகும்போது
அரிசி மணி அளவுத் திருகு ஒன்று
ஹீட்டருக்கு அடியில் ஓடியது; மண்டியிட்டுத் தேடினேன்.
விண்டோஸ் வந்தது. எதுவும் கேட்காமல் வந்தது.
சந்தோஷத்தில் அதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை
கடிகாரம் சரியாக இருந்தது.
ஏழு ஐம்பத்தெட்டு.
சுவரிலும் ஏழு ஐம்பத்தெட்டு.
மேலங்கியைக் கழற்றாமல் நின்றேன்.
எட்டு மாதத்தில் முதல்முறையாகச் சரி.
அப்படியென்றால் அவர் உள்ளே போகவில்லை.
நாற்காலி தாழ்ந்திருந்தது; வந்து உட்கார்ந்திருக்கிறார்.
குப்பைக்கூடையில் ஆரஞ்சுத் தோல், நிறைய.
ராத்திரி முழுக்க உரித்தாரோ.

வீடு வந்துவிட்டது, வாசல் வரவில்லை.
அவருடைய நாற்பதும் பத்திரமாகத்தான் இருந்தது.
யாருக்குத் திறக்க என்று கேட்கும்
ஐந்து விநாடிப் பட்டியல் மட்டும்
பழைய முகவரியிலேயே காத்திருந்தது,
இழுப்பறையில், ஸ்டேப்லர் பின்களோடு.

மதியம் பென் டிரைவிலிருந்து ஏற்றி
எழுத்துக் கூட்டிக் கூட்டித் தட்டினேன்.
ஒன்று பிசகினால் இரண்டு குடித்தனமும் தெருவில்.
மூன்றாம் முறை, கறுப்புத் திரையில்
ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரி எழுந்தன:
அவர், நான்.
ஐந்து, நான்கு, மூன்று
அம்புக்குறியை அழுத்தி நிறுத்தினேன்.
பிறகு ஐந்தைப் பத்தாக்கினேன்.
கையுறையோடு வருகிறவர்.

"அந்த நேரக் கோளாறையும்
ஒரே வரியில் சரிசெய்துவிடலாமே" என்றான் ரைட்டிஸ்.
லாரி வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்றேன்.
லாரி எதுவும் வரவில்லை.

அடுத்த காலை திரை சொன்னது:
ஐந்து ஐம்பத்தொன்பது.
நாற்காலியை உயர்த்தினேன்.
இரண்டு மணி கூட்டினேன்.
வெளியே பிர்ச் மரம், பட்டையெல்லாம் பனி அப்பி,
முதல் லாரி ஹாரன் அடித்தது.
மேடையில் ஏறு என்று கை காட்டினேன்.