பொய் என்ற ஃபோல்டர்

முதல் ராத்திரி முந்நூற்றுப் பதினாலு.
பம்மலில், மொட்டை மாடியில்,
அக்ரிலிக் குமிழுக்குள் கேமராவை மல்லாத்தி வைத்து
வரம்பை ஒன்றரையில் விட்டிருந்தேன்.
மீனம்பாக்கத்தில் இறங்கிய விமானம் ஒன்று பாக்கியில்லை,
எல்லாம் இமைத்து இமைத்துப் பதிவாகியிருந்தது.
தெருவிளக்கு வயிற்றில் பட்ட வௌவால்.
குமிழின் மேல் நடைபழகிய ஈசல்,
அதற்கு மென்பொருள் போட்ட கணக்கு
விநாடிக்கு நாற்பது டிகிரி.
கடல் பக்கம் சத்தமில்லாத மின்னல், எண்பது தடவை.
எரிகல் இரண்டு.

ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து
'பொய்' என்று பேர் வைத்த ஃபோல்டரில் தள்ளி முடிப்பதற்குள்
எட்டு பத்து ரயில்
பல்லாவரத்தைத் தாண்டியிருந்தது.

வரம்பை நாலரைக்கு ஏற்றினேன்.
காலையில் பூஜ்யம்.
அப்படியொரு சுத்தமான வானத்தை
சென்னையில் யாரும் பார்த்திருக்க முடியாது.
உத்திரமேரூரிலிருந்து ஹைதர் செய்தி அனுப்பினான்:
பதினொன்று பிடித்தேன்,
நாலு உன் தலைக்கு மேலே.

அதற்கப்புறம்
மூணு. இரண்டே முக்கால். மூணு புள்ளி ஒன்று.
ரசத்துக்கு உப்புப் பார்க்கிற வேலை இல்லை இது.
ஒரு சிட்டிகை மாற்றினால்
ருசி தெரிய ஒரு ராத்திரி,
புயல் சின்னம் என்றால் ஒரு வாரம்.
நாலு ஃபிரேமுக்குக் குறைந்ததைச் சேர்க்காதே என்றேன்.
மூணு ஃபிரேமில் பிறந்து முடிந்துபோனவை
எத்தனை என்று
இனி யாரிடம் கேட்பது?

இரண்டு புள்ளி எட்டில்தான் அது வந்தது.
கீழ்மூலையில், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில்,
ஒரு மங்கல் புள்ளி.
ஏறும், நிற்கும், பிரகாசமாகும், இறங்கும்.
இரண்டு பதினேழுக்கு.
மறுநாள் இரண்டு இருபதுக்கு.
எரிகல் இத்தனை நிதானமாக விழாது,
மின்மினி நேரம் பார்த்து வராது.
ஆறாவது நாள்தான் பிடிபட்டது,
சிகரெட்.
இரண்டாம் மாடி சற்குணம் சார்.
இரண்டு ஸ்டென்ட் வைத்த பிறகு
'தொட்டே ஒன்பது மாசம்' என்று
எஸ்தர் அக்கா மளிகைக்கடை வரைக்கும் சொல்லிவைத்த மனிதர்
இரும்பு ஏணியில் ஏறி
தொட்டி மேல் உட்கார்ந்திருந்தார்.

எனக்கு இது தெரிய வேண்டாம்.
வரம்பைக் கொஞ்சம் ஏற்றினால் அவர் மறைந்துவிடுவார்,
அவரோடு
மங்கலான எல்லாமும்.
இறக்கினால்
எத்தனை இழுப்பு என்றுகூட எண்ணிவிடலாம்.
படிக்கட்டில் எஸ்தர் அக்காவைப் பார்க்கும்போதெல்லாம்
என் முகமே
ஒரு பதிவுபோல ஆகிக்கொண்டிருந்தது.

அந்த மூலையில் ஒரு கறுப்புச் சதுரம் வரைந்தேன்.
நூற்றிருபதுக்குத் தொண்ணூறு பிக்சல்.
இங்கே என்ன நடந்தாலும்
உனக்குத் தெரியாது என்று
கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டேன்.
பழைய கோப்புகளை
'பொய்'யில் போடக் கை வரவில்லை,
நேராக அழித்தேன்.

டிசம்பர் பதினாலு. ஜெமினிட்.
ஹைதர் பக்கம் மழை.
இங்கே மேகம் கிழிந்து இரண்டு மணி நேரம்.
வரம்பு இரண்டு புள்ளி எட்டு, பதிவு நாற்பத்தொன்று,
அதில் ஒன்று
மிதுனத்திலிருந்து கிளம்பி
பச்சையாகப் பருத்து
ஃபிரேம் முழுக்க வெளுக்க இறங்கி
நேராகச் சதுரத்துக்குள் போயிற்று.
அவ்வளவுதான். வெட்டின நூல்.
எங்கே உடைந்தது, எத்தனை துண்டு,
வால் எவ்வளவு நேரம் நின்றது, ஒன்றும் இல்லை.
நேரம் மட்டும் இருக்கிறது:
இரண்டு மணி பத்தொன்பது நிமிடம் நாலு விநாடி.

காலையில் மோட்டார் போட இறங்கினேன்.
சற்குணம் சார் கேட்டருகில் பால் பாக்கெட்டோடு நின்றார்.
கண் இரண்டும்
தூங்காத ஆளின் கண் மாதிரியும் இல்லை.
'ஏம்மா, ராத்திரி வானத்துல என்னமோ...'
என்றார்.
பின்னால் எஸ்தர் அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.
'...இடி சத்தம் கேட்டுச்சா?'

'இல்ல சார்' என்றேன்.
பால் பாக்கெட்டை
இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.