மூடிய ஓடை

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு
தொடை மடிப்பில் இரண்டு விரல் அகலம் கிழித்து
உள்ளே ஒரு கம்பியை ஓட்டி
உருவி எடுத்தார்கள்.
இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது.
தட்டில் கிடந்ததைக் காட்டச் சொன்னேன்.
கொங்ரியோ மீனின் குடல் மாதிரி.
தினம் அறுக்கிறவள், எனக்கென்ன.

"இனி இந்த நரம்பு வராது"
என்றார் அன்றைய டாக்டர்.
பொய்யில்லை.
அந்த நரம்பு வரவில்லை.
வந்தது வேறொன்று.

வால்பரைசோவில் தெருக்களுக்கு அடியில் ஓடைகள் உண்டு.
குன்றிலிருந்து கடலுக்கு இறங்கியவை.
வளைவு கட்டி, மண் கொட்டி, மேலே கடைவீதி போட்டார்கள்.
சில ஜூன் மாத மழைக்கு
சாக்கடை மூடியைத் தூக்கித் தள்ளிவிட்டு
வங்கி வாசலில் எழுந்து நிற்கும் தண்ணீர்,
வீட்டுக்காரன் திரும்பி வந்த தோரணையில்.

இத்துர்ரா டாக்டர் நிற்க வைத்துத்தான் பார்க்கிறாள்.
படுத்தால் பொய் சொல்லுமாம் கால்.
குளிர்ந்த களிம்பு.
கெண்டைச் சதையை ஓர் அமுக்கு. விட்டுவிடுகிறாள்.
திரையில் நீலம் மேலே போகிறது,
உடனே சிவப்பாகிச் சரிகிறது.
"மூன்று நொடி."
பக்கத்தில் ஒருத்தி குறித்துக்கொள்கிறாள்.
முப்பத்தொரு வருடம்
ஐஸ் உருகும் தரையில் நின்றதை
அவள் எந்தக் கட்டத்தில் எழுதுவாள்?

"தழும்புக்கு அடியில் பாருங்கள், சுனில்டா.
வெட்டிய அடிக்கட்டையைச் சுற்றி
நூல் நூலாய்ப் புதிதாக முளைத்திருக்கிறது.
உங்கள் தவறில்லை."

நான் கேட்கவே இல்லை.
கேட்காத கேள்விக்குப் பதில் வந்ததும்
சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்
கொஞ்ச நேரம்.

இந்த முறை கத்தி இல்லை.
இரண்டு ஊசிக்குழல்களை இணைத்து
மருந்தை இங்குமங்கும் தள்ளுகிறாள்
வெள்ளை நுரையாகும்வரை.
"எனக்குச் சர்க்கரை வேண்டாம்" என்றேன்.
சிரித்தாள், கை அசையாமல்.
நுரை ஏறும்போது உள்ளே ஓர் இழுப்பு,
பிறகு வாயில் உலோகச் சுவை. அவ்வளவுதான்.

"திரும்ப வருமா?"
"வரலாம். வந்தால் நீங்களும் வாருங்கள்."

அரை மணி நேரம் நடக்க வேண்டும், உட்காரக் கூடாது.
நடந்தேன். ஓடைக்கு மேலே போட்ட அதே வீதியில்,
செருப்புக்கடை, மருந்துக்கடை, மறுபடி செருப்புக்கடை.
நோல்பெர்த்தோ என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால்
ஒவ்வொரு பெஞ்சையும் ஏக்கமாய்ப் பார்த்தபடி.

காலையில் அவன்தான் காலுறை மாட்டிவிடுகிறான்.
பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை போட்டு
மண்டியிட்டு, மூச்சுப் பிடித்து,
குதிகாலில் மாட்டிக்கொண்டதை
மெல்ல மெல்ல மேலே தேய்த்து ஏற்றுகிறான்.
"கல்யாணம் கேட்டபோதுகூட இப்படி மண்டியிடவில்லை" என்கிறேன்.
"அப்போது முழங்கால் நன்றாக இருந்தது,
தேவைப்படவில்லை" என்கிறான்.

சந்தையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.
உட்கார அல்ல.
மெர்லூசாவை எடை போடும்போது
ஒரு காலை மட்டும் அதன்மேல் தூக்கி வைக்க.
காலையில் இடது.
பதினோரு மணிக்கு மேல்
வலது.