தளை தட்டுகிறது

என் படகு கத்துகிறது என்றார்கள்.
நான் அறியேன்.
ஏழு வயதுக் காய்ச்சலோடு போன காது
நாற்பத்தொன்றிலும் வீடு திரும்பவில்லை.

ஆனால் குளக்கரையில் டுர்க்கின் முகம்
பச்சைப் புளி கடித்தாற்போல் கோணியதைப் பார்த்தேன்.
பெஞ்சடியில் கிடந்த அவன் நாய்
எழுந்து போனதைப் பார்த்தேன்.
ட்யாலிங் கைப்பேசியில் எழுதிக் காட்டினான்:
"காப்பிக் கொட்டை அரைக்கிற மாதிரி, ஹிஸ்கே."

எண்பது சென்டிமீட்டர் இழுவைப் படகு.
பச்சை உடல், சிவப்பு அடிவயிறு.
புகைபோக்கிக்குப் பக்கத்தில்
நகத்தளவு மிதிவண்டி ஒன்றைக்கூடச்
சாத்தி வைத்திருக்கிறேன்.
கொடிக்கம்பம் வரைக்கும் எல்லாம் சரி.
கண் போகாத இடத்தில்தான்
தளை தட்டுகிறது.

சமையல் மேசையில் மேல்தளத்தைக் கழற்றினேன்.
இந்தப் பக்கம் மோட்டாரின் தண்டு.
அந்தப் பக்கம், படகின் வால் நோக்கிச்
சரிந்து இறங்கும் எஃகுத் தண்டு.
நடுவில், இரண்டு மூட்டு வைத்த இணைப்பான்.
எந்தக் கோணத்தையும் பொறுத்துக்கொள்ளும் என்று
பெட்டியில் அச்சடித்திருந்தார்கள்.
பொறுத்துக்கொண்டுதான் இருந்தது, பாவம்.
பொறுப்பது வேறு,
பொருந்துவது வேறு.

திருப்புளியின் நுனியை மோட்டார் மேடையில் ஊன்றி
கைப்பிடியைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டேன்.
மிக மெதுவாக ஓடவிட்டேன்.
தாடை எலும்பில் ஏறி வந்தது:
மணல்.
சுற்றுக்கு ஒருமுறை நொண்டும் மணல்.

ஓ, இதைத்தானா கத்தல் என்கிறீர்கள்?

இணைப்பானைக் கழற்றிச்
சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டேன்.
அது இருந்த இடத்துக்கு ஒரு பித்தளைக் குழல்.
வளையாது, மடங்காது, மன்னிக்காது.
இரு தண்டும் ஒரே கோட்டில் நின்றால்தான்
இரண்டு தலையும் அதற்குள் நுழையும்.

நுழையவில்லை.

மோட்டாரின் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும்;
எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை.
வெண்ணெய் ஆலையின் பழைய அடையாள அட்டையை
எடுத்துக் கத்தரித்தேன்.
என் நெற்றி இருந்த துண்டு.
போதவில்லை.
இடது கண்ணும் கொஞ்சம் மூக்கும்.
இப்போது அதிகம்.
மூக்கை மட்டும் உருவி எடுத்தேன்.

குழல் சறுக்கியது.
வெண்ணெயில் கத்தி போல என்று சொல்ல மாட்டேன்;
பதினாறு வருடம் வெண்ணெயோடு வேலை பார்ப்பவள் நான்,
பிப்ரவரியில் அது அவ்வளவு இலகுவில்லை.
சட்டைப் பொத்தான் அதன் துளைக்குப் போவதுபோல்.
விரலால் தள்ளினேன். விரலால் இழுத்தேன்.
இரண்டும் ஒரே எடை.

அப்படியே அசையாமல்
மேடையைச் சுற்றி எப்பாக்சியை வழித்தேன்.
இரவு முழுக்கத் தொடக்கூடாது.
இரண்டு முறை எழுந்து
தொடாமல் பார்த்துவிட்டு வந்தேன்.

காலையில் குழல் வெளியே, இணைப்பான் உள்ளே.
இனி அது பொறுக்க ஒன்றுமில்லை,
கூடச் சுற்றினால் போதும்.
இரண்டரை ஆம்பியர் குடித்த மோட்டார்
ஒன்றரைக்குக் கொஞ்சம் மேலே நின்றது.
திருப்புளியைக் கடித்தேன்.
தாடைக்கு வந்தது
நன்றாகச் சலித்த மாவு.

ஞாயிறு. குளத்தில் தோல் உரிக்கும் காற்று.
படகை விட்டுவிட்டு நான் படகைப் பார்க்கவில்லை,
மனிதர்களைப் பார்த்தேன்.
ட்யாலிங் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.
டுர்க் யாரிடமோ வாடகையைப் பற்றி,
கையின் ஆட்டத்தில் தெரிந்தது, திட்டிக்கொண்டிருந்தான்.
படகு அவர்களைக் கடந்து போனது.
ஒரு புருவம் எழவில்லை.
மறுபடி கடந்து வந்தது.
நாய் புரண்டு மறுபக்கம் படுத்தது.

யாரும் திரும்பிப் பார்க்காததை
அப்படி ஆசையாக நான்
பார்த்ததே இல்லை.

கரை சேர்ந்தபின்தான் கவனித்தேன்:
புகைபோக்கிக்குப் பக்கத்தில் மிதிவண்டி இல்லை.
போகட்டும்.
இந்த நாட்டில் எந்தத் தண்ணீரும்
ஒரு மிதிவண்டியாவது விழுங்காமல்
தூங்காது.